கறுப்பு யன்னல் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பரந்தன் சந்தியில் எங்கள் அலுமினிய யன்னல் கடை வாசலில் மாதிரிக்கு நிற்கும் கறுப்பு யன்னலை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு கிழமையாக அதைப் பற்றித்தான் பேச்சு. முல்லைத்தீவுப் பக்கத்து வீடொன்றின் யன்னல் படம் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கறுப்புச் சட்டத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அதன் கீழே "வெள்ளி அலுமினியத்துக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்து விற்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறது. கடைப் பெயர் இல்லை. ஆனாலும் யாரைச் சொல்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியும். பலர் போன் எடுத்துக் கேட்டீர்கள். தனித்தனியாகச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் வழமையாகப் பெயின்ற் அடித்து விற்பதில்லை. இரண்டு வீடுகளில் மட்டும் சில துண்டுகளைக் கடையில் கறுப்பாக்கிப் பொருத்தினோம், அதைக் கீழே சொல்கிறேன். எங்களுக்கு வரும் கறுப்புச் சட்டங்கள் பவுடர் கோட்டிங் செய்யப்பட்டே லொறியில் வந்து இறங்குகின்றன. நிறப் பொடியை மின்னேற்றி அலுமினியத்தில் ஒட்டவைத்து, 200 பாகையளவு சூட்டில் அடுப்புக்குள் வைத்து எடுப்பார்கள். பொடி உருகி ஒரே தோலாகப் படியும். அந்தத் தோலின் தடிப்பு 60 முதல் 80 மைக்ரோன், ஏறத்தாழ ஒரு தலைமயிர் அளவு. சந்தேகம் உள்ளவர்கள் கடைக்கு வாருங்கள். வெட்டுத்துண்டு ஒன்றைக் கையில் தருகிறேன், பஞ்சில் தின்னர் நனைத்து நீங்களே தேயுங்கள். ஸ்பிரே பெயின்ற் என்றால் கறுப்புக் கரைந்து பஞ்சில் வந்துவிடும். இதில் மினுக்கம் கொஞ்சம் மங்கலாம், நிறம் வராது. ஆனால் வீட்டு யன்னலில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

படம் வந்த அடுத்த நாளே அந்த வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா வாசலிலேயே, "ஆறு மாசம் கூட ஆகேல்லை தம்பி, அதுக்குள்ள உரிஞ்சு போச்சு" என்றார். அவருடைய கோபம் நியாயமானது. பிள்ளைகள் அனுப்பிய காசில் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. நான் முழங்காலில் இருந்து சட்டத்தைத் தடவிப் பார்த்தேன். புள்ளிகள் எல்லாம் கீழ்ச் சட்டத்திலும், வெளிச்சுவர் பூசிய பக்கத்து நிலைச் சட்டத்திலும் இருந்தன. மேல் சட்டத்தில் ஒன்றுகூட இல்லை. நகத்தால் தட்டினால் ஒவ்வொன்றும் சொரசொரவென்று சிறு பொருக்குப் போல. சில இடத்தில் பொருக்குக்குள் மணல் பருக்கை தெரிந்தது. பெயின்ற் உரிந்தால் இப்படி இருக்காது. அது சீமெந்து.

பச்சைச் சீமெந்தில் சுண்ணாம்புக் காரம் இருக்கிறது. அது அலுமினியத்தை அரிக்கும், மேலே உள்ள தோலையும் கெடுக்கும். சுவர் பூசும்போது தெறித்த துளியை அப்போதே ஈரத் துணியால் துடைத்தால் ஒன்றும் ஆகாது. காயவிட்டால் தழும்பு நிற்கும், பிறகு தேய்த்தும் போகாது. வெள்ளிச் சட்டத்திலும் இதே தழும்பு விழுந்துதான் இருக்கிறது, நிறத்தோடு நிறமாக மறைந்துவிடும். கறுப்பு எதையும் மறைக்காது. மேசன்மாரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் கைபட்டுத்தான் எங்கள் யன்னல்களும் நிற்கின்றன. சட்டத்தில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு ரேப்பைச் சுவர்ப் பூச்சு முடியும்வரை கழற்ற வேண்டாம் என்று நாங்கள்தான் ஒவ்வொரு வீட்டிலும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். இனிமேல் அதை ரசீதிலேயே எழுதித் தருகிறோம். பூச்சு முடிந்ததும் ரேப்பைக் கழற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தால் பசை சட்டத்தில் இறுகிவிடும். மேலே சொன்ன அந்த இரண்டு வீடுகள் தைப்பொங்கலுக்கு முன் அவசரமாக முடித்தவை. பவுடர் கோட்டிங் சட்டம் போதாமல் சில துண்டுகளைக் கடையிலேயே கறுப்பாக்கிப் பொருத்தினோம்; அவற்றை மாற்றித் தருகிறோம். அந்த அம்மாவின் கீழ்ச் சட்டங்களையும் எங்கள் செலவில் மாற்றிவிட்டோம்.

சரி, கறுப்பு வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அந்த நிறம் பிடிக்கும். வெள்ளைச் சுவரிலும், சந்தன நிறச் சுவரிலும், சிவப்பு ஓட்டுக் கூரைக்குக் கீழும் அது மை தீட்டிய கண் போல நிற்கும். ஆனால் எல்லா யன்னலுக்கும் அது பொருந்தாது. சின்ன யன்னலை நாலு கட்டமாகப் பிரித்துக் கறுப்புப் போட்டால் கூண்டு மாதிரி ஆகிவிடும். மெல்லிய சட்டம், பெரிய கண்ணாடி, குறைந்த பிரிப்பு என்றால்தான் அழகு. கள்ளர் பயத்துக்கு உள்ளே கிறில் போடுவதென்றால், சட்டத்தின் பிரிப்புக்கு நேரே கம்பி வரும்படி அளவெடுத்து அதையும் கறுப்பாகவே விடுங்கள், தனியாகத் துருத்தித் தெரியாது. நுளம்பு நெற்றும் கறுப்பே நல்லது. வெள்ளை நெற் வெயிலைத் தன்மேல் வாங்கிக் கண்ணுக்கு முன்னால் மினுங்கும். கறுப்பு நெற்றுக்குள்ளால் முற்றத்து மா தெளிவாகத் தெரியும்.

மினுக்கக் கறுப்பா, மங்கல் கறுப்பா என்று கேட்பவர்களுக்கு நான் மங்கலையே சொல்வேன். மினுக்கத்தில் கீறலும் கைரேகையும் உடனே தெரியும். சோளகக் காற்றுக் காலத்தில் ஒழுங்கைப் புழுதி எதிலும் படியத்தான் செய்யும். மெல்லிய சவர்க்காரத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். சட்டி தேய்க்கும் கம்பிப் பஞ்சு வேண்டாம். அளம்பில், கொக்கிளாய் போன்ற கடலோர வீடுகளில் மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு நின்றால் திருகாணி அடியிலிருந்துதான் பழுது தொடங்கும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஆணி தவிர வேறெதையும் நாங்கள் பொருத்துவதில்லை.

வெயில் பற்றியும் சொல்ல வேண்டும். மேற்குப் பார்த்த கறுப்புச் சட்டத்தில் பின்னேரம் மூன்று மணிக்குக் கை வைத்தால் சுடும். தவழும் பிள்ளை உள்ள வீடென்றால் நிலம் தொடும் மேற்கு யன்னலுக்குக் கறுப்பு வேண்டாம் என்று நானே மறித்திருக்கிறேன். வீட்டுக்குள் வரும் வெக்கையில் பெரும்பங்கு கண்ணாடியால் வருவது, அதற்குச் சட்டத்தின் நிறத்தை மாற்றிப் பயனில்லை. தாழ்வாரத்தை இரண்டடி நீட்டுங்கள், அல்லது வேம்பொன்று வையுங்கள். இன்னொன்று, சூட்டில் அலுமினியம் நீளும். எட்டடிச் சட்டத்தில் சூடு 40 பாகை ஏறினால் இரண்டு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. அதற்காகத்தான் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் இடைவெளி விட்டு சிலிக்கன் போடுகிறோம். அதைச் சீமெந்தால் இறுக்கி அடைத்த வீடுகளில்தான் மத்தியானத்தில் கதவு இழுபடாமல் நிற்கிறது.

மங்கலமான வீட்டுக்குக் கறுப்பா என்று பெரியவர்கள் கேட்பதை நான் தட்டிப் பேசுவதில்லை. அப்படியான வீடுகளில் வாசல் நிலையை முதிரையிலோ தேக்கிலோ வைத்து மஞ்சள் குங்குமம் இடுங்கள், யன்னல்களை மட்டும் கறுப்பில் விடுங்கள். மரத்துக்குப் பக்கத்தில் கறுப்பு எடுப்பாகவும் இருக்கும்.

விலை விஷயம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதத்தில் 360க்குப் போனபோதும், ஏற்கெனவே முற்பணம் வாங்கிய வேலைகளைப் பழைய விலைக்கே முடித்துக் கொடுத்தோம். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானபோதும் எங்கள் கூலியைக் கூட்டவில்லை. இப்போது தாங்க முடியவில்லை. புதிய கொட்டேசன்களில் கறுப்புக்கு 8 வீதம் கூடும். எங்களோடு ஒன்பது வருடம் நின்ற மூத்த பிற்றர் தம்பி கட்டார் போய்விட்டார். அவர் கை அளவு ஒரு நூல் பிசகாது. அவர் பழக்கிவிட்ட பெடியன்மார் இருவரும் கவனமானவர்கள், கொஞ்சம் மெதுவாகச் செய்கிறார்கள். மூன்று கிழமையில் முடிந்த வேலைக்கு இப்போது ஆறு கிழமை ஆகலாம்.

மீள்குடியேறித் தறப்பாள் கொட்டிலில் இருந்த காலத்தில், ஒற்றை மேசையும் ஒரு வெட்டு மெசினுமாகத் தொடங்கிய கடை இது. வீட்டுத்திட்ட வீட்டுக்கு முதல் யன்னல் செய்வித்தவர்கள், இன்று மகளின் வீட்டுக்கும் எங்களிடமே வருகிறீர்கள். அந்தப் படம் வந்த நாளிலும் "நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள்" என்று சொல்லி முற்பணம் தந்துவிட்டுப் போன மாங்குளத்து அண்ணைக்கும், ஒட்டுசுட்டான் அக்காவுக்கும், உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

வாசலில் நிற்கும் மாதிரி யன்னல் மேற்கு வெயிலில்தான் நிற்கிறது. பின்னேரத்தில் வந்து தொட்டுப் பாருங்கள். வரும்போது உங்கள் மேசனையும் கூட்டி வாருங்கள், தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேசலாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்
பரந்தன் சந்தி