குருணையின் நிறம்

பட்டர்வொர்த்
ஞாயிறு இரவு

அன்பு மகள் மலர்விழிக்கு,

நீ அனுப்பிய படத்தை அம்மாவின் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உக்ரைனுக்கு மின்சாதனங்கள் அனுப்பும் உங்கள் கிடங்கு எவ்வளவு பெரியது என்று காட்டத்தான் எடுத்திருப்பாய். என் கண் போய் நின்றது ஓரத்திலிருக்கும் அந்தப் பழைய மின்மாற்றியில். அதன் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குடுவை தொங்குகிறதே, அதற்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் குருணை இளஞ்சிவப்பாகிவிட்டது. நீலமாக இருக்க வேண்டியது, அம்மா.

மின்மாற்றி சூடேறி ஆறும்போது எண்ணெய் விரிந்து சுருங்கும். அப்போது அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றின் ஈரத்தைக் குருணைதான் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறம் மாறிவிட்டால் இனி அதனால் முடியாது. வருகிற ஈரமெல்லாம் எண்ணெயில் இறங்கும். அதை அப்படியே லாரியில் ஏற்றவிடாதே. எண்ணெயைச் சோதிக்கச் சொல். குருணையை மாற்றச் சொல். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, மழைக்காலத்தில் நம் வீட்டுப் படங்களில் பூஞ்சணம் படியாமலிருக்க மைலோ டின்னில் இதே குருணையைப் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தேன். நிறம் மாறியதும், "அப்பா, குடித்துவிட்டது!" என்று ஓடி வருவாய். வாணலியில் வறுத்தால் மறுபடி நீலமாவதை வாய் பிளந்து பார்ப்பாய்.

போன வாரம் தொலைபேசியில் உன் குரல் சோர்ந்திருந்தது. "நாம் அனுப்புகிறோம், அவர்கள் நிறுவுகிறார்கள், மறுபடி ஏவுகணை வந்து உடைக்கிறது. விழலுக்கு இறைத்த நீர்தானே, அப்பா?" என்றாய். அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

1996 ஆகஸ்ட் 3, ஒரு சனிக்கிழமை மாலை. திரெங்கானுப் பக்கம் ஒரு மின்தடத்தில் ஏற்பட்ட கோளாறு பரவித் தீபகற்ப மலேசியாவே இருண்டது. நீ அப்போது நாற்பது நாள் கைக்குழந்தை. அம்மா விடிய விடியப் பழைய காலண்டர் அட்டையால் உனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். நான் துணைமின் நிலையத்தில் டார்ச் விளக்கோடு நின்றேன். யாரும் குண்டு போடவில்லை. எங்கள் நிலையத்தில் ஒரு சாமானும் உடையவில்லை. அப்படியிருந்தும், மின் நிலையங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பி, சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மின்சாரத்தின் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸில் பிடித்து நிறுத்துவதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. ஒரே ஓர் இரவு, அவ்வளவுதான்.

உக்ரைன்காரர்களும் அதே 50 ஹெர்ட்ஸைத்தான் காப்பாற்றுகிறார்கள். 2022 பிப்ரவரி 24 அதிகாலை, முன்பே திட்டமிட்ட ஒரு சோதனைக்காக ரஷ்ய, பெலாரஸ் மின்கட்டமைப்பிலிருந்து கழன்று தனியாக நின்றார்கள். சில மணி நேரத்தில் போர் தொடங்கியது. திரும்பிப் போய் ஒட்டிக்கொள்ள வழியில்லை. மார்ச் 16-ஆம் தேதி ஐரோப்பியக் கட்டமைப்போடு இணைந்தார்கள். மூன்றே வாரம்! அந்த வேலையின் கனம் தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன், அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அக்டோபர் 10 முதல் ரஷ்யர்கள் மின் நிலையங்களையே குறிவைத்துத் தாக்கத் தொடங்கினார்கள்.

உக்ரைனுக்காக வியன்னாவிலிருந்து நடத்தப்படும் எரிசக்தி ஆதரவு நிதியில் 100 கோடி யூரோவுக்கு மேல் சேர்ந்திருக்கிறது. நல்லது. ஆனால் பணம் இருந்தாலும் இந்தச் சாமான் கடையில் கிடைக்காது. அங்கே பெரிய மின்தடங்களின் அழுத்தம் 750, 330 கிலோவோல்ட். மேற்கு ஐரோப்பாவில் 400, 220. நம்மிடம் 500, 275. ஒன்றுக்கு இன்னொன்று பொருந்தாது. புதிதாகச் செய்யச் சொன்னால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 330 உள்ளவர்கள் பால்டிக் நாட்டவர்கள்தான். அவர்கள் பழையதென்று ஒதுக்கி வைத்தது அங்கே பொன்னாகிவிட்டது. லிதுவேனியா வில்னியூஸில் ஓர் அனல்மின் நிலையத்தையே பிரித்து, 2,000 டன்னுக்கு மேல், லாரி லாரியாக அனுப்பியது. எனக்கு அந்த உதவிதான் பெரிதாகத் தெரிகிறது. எது தேவை என்று கேட்டு, அதைக் கழற்றிக் கொடுத்தார்கள்.

குளிர் எவ்வளவு கொடியது என்பது பினாங்கில் வாழ்ந்த எனக்கு உன் மூலம்தான் தெரிந்தது. அங்கே ஊருக்கே பொதுவாகக் கொதிகலனில் வெந்நீர் காய்ச்சிக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்புகிறார்கள் என்று நீ சொன்னாய். மின்சாரம் நின்றால் பம்பு நிற்கும். பம்பு நின்றால் குழாயில் நீர் உறைந்து வெடிக்கும். ஆக, நீ அனுப்பிய ஒன்று பத்து நாள் ஓடி உடைந்தது என்று வைத்துக்கொள். அந்தப் பத்து நாள் ஒரு குடியிருப்பின் குழாய்கள் வெடிக்கவில்லை. எங்கோ ஒரு தாய் கைக்குழந்தையைக் கதகதப்பாகத் தூங்க வைத்திருக்கிறாள். இதை எந்தப் பட்டியலிலும் எழுத மாட்டார்கள். நீயாவது கணக்கில் வை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழுது பார்க்கப் போன இடத்தில் மறுபடி தாக்குதல் நடந்து பணியாளர்கள் செத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவர்கள், மலர். சாவியும் கையுறையுமாகப் போனவர்கள். பெட்டியைத் திறந்ததும் ஒரு போல்ட் குறைந்தால், ஒரு ரப்பர் வளையம் பொருந்தாவிட்டால், அதைத் தேடி நிற்கும் நேரமெல்லாம் அவர்கள் திறந்த வெளியில் நிற்கிற நேரம். அந்த நேரத்தைக் குறைப்பது உன் கையில் இருக்கிறது. கிடங்கில் செய்வது வெறும் கணக்கெழுத்து என்று இனிச் சொல்லாதே.

பெயர்ப்பலகையைத் தெளிவாகப் படமெடுத்து முன்கூட்டியே அங்கே அனுப்பு. வரைபடத்தை ஈரம் புகாத உறையில் போட்டு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வை. போல்ட், நட்டுகளை அளவு வாரியாகத் தனித்தனிப் பையில் கட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு கூடுதலாகப் போடு. ரப்பர் வளையங்கள் இரண்டு செட். உன் மேலதிகாரி இது தேவையில்லை என்றால் என்னோடு பேசச் சொல். என் ஆங்கிலம் போதும்.

அம்மா பாகான் டாலாம் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தாள். கழுத்துத் துணியைச் சுற்றிக்கொள், வேளைக்குப் பசியாறு.

அந்தப் பழைய மின்மாற்றியை ஏற்றுவதற்கு முன் குடுவையை மட்டும் கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன்.

உன் அப்பா