ஈவுத்தொகை எங்கிருந்து வருகிறது? குமரவேலுக்கு ஒரு கடிதம்

ஈசூன்
ஞாயிறு இரவு

அன்புள்ள குமரவேல்,

இங்கே அனைவரும் நலம். உன் தங்கை மகள் திருமணத்திற்கு நான் வராததை நீ இன்னும் மன்னிக்கவில்லை என்று செல்வம் சொன்னான். அந்த வழக்கை நேரில் பேசித் தீர்த்துக்கொள்வோம். இன்று எழுத வைத்தது அவன் சொன்ன மற்றொரு செய்தி. மசே நிதியிலிருந்து (மத்திய சேம நிதி) எடுத்த பணம் முழுவதையும், 9 விழுக்காடு ஈவுத்தொகை தருகிறது என்ற ஒரே காரணத்திற்காக, ஒரே ரீட்டில், அதாவது கட்டடங்களை வைத்து வாடகை ஈட்டிப் பகிரும் ஒரே சொத்து முதலீட்டு அறநிதியில், போடப்போகிறாயாமே!

"விலை ஏறினாலும் இறங்கினாலும் எனக்கென்ன, ஈவு வந்துகொண்டே இருக்கும்" என்று நீ சொன்னதாகக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் அமைதியாக இல்லை. மசே நிதிச் சாதாரணக் கணக்கின் 2.5 விழுக்காட்டு வட்டியோடு அதை ஒப்பிட்டும் பேசினாயாம். அந்த வட்டி வரும்போது அசல் அப்படியே இருக்கும். ஈவுத்தொகையோ பங்கின் மதிப்பிலிருந்தே பிரிந்து வருகிறது. 2 வெள்ளிக்கு விற்கும் பங்கு 5 காசு ஈவு அறிவித்திருந்தால், எக்ஸ் தேதியன்று (அன்று முதல் வாங்குபவருக்கு அந்த ஈவு கிடையாது), வேறு செய்தி எதுவும் இல்லாதபோது, அதன் விலை ஏறத்தாழ 1.95 வெள்ளியாகிவிடும். அன்றைய சந்தையின் ஏற்ற இறக்கத்தில் அந்த 5 காசு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் நிறுவனத்தின் கையிருப்பிலிருந்து அது வெளியேறிவிட்டது. எக்ஸ் தேதிக்கு முதல் நாள் வாங்கி, ஈவுக்கு உரிமை பெற்று, மறுநாளே விற்றுவிடலாம் என்று நம் கணக்காளர் ஐயா கோப்பிக்கடையில் தீட்டிய மாபெரும் திட்டம் ஏன் ஒரு வெள்ளியும் ஈட்டவில்லை என்பது உனக்கே நினைவிருக்கும்.

ஆகவே நீ பார்க்க வேண்டியது, விலை மாற்றத்தையும் ஈவையும் சேர்த்த மொத்த வருவாயை. வரியும் கட்டணமும் இல்லாத சந்தையில், லாபத்தை ஈவாகக் கொடுத்தாலும் நிறுவனத்திலேயே வைத்துக்கொண்டாலும் பங்குதாரரின் செல்வம் மாறாது என்று பொருளியல் அறிஞர்கள் மெர்ட்டன் மில்லரும் ஃபிராங்கோ மொடிலியானியும் 1961ஆம் ஆண்டிலேயே நிறுவிக் காட்டினார்கள். உண்மையான சந்தைகளில் வரி குறுக்கிடும். ஆனால் நம் சிங்கப்பூரில் நிறுவனம் தரும் ஈவுக்கும் தனிமனிதர் வரி செலுத்துவதில்லை, பங்கு விற்ற ஆதாயத்திற்கும் பொதுவாக வரி இல்லை என்பதால், அவர்கள் சொன்னது நமக்குப் பெருமளவு பொருந்துகிறது.

2020ஆம் ஆண்டை எண்ணிப் பார். கொவிட் காலத்தில், ஈவுத்தொகையை முந்தைய ஆண்டு அளவில் 60 விழுக்காட்டிற்குள் நிறுத்துமாறு சிங்கப்பூர் நாணய ஆணையம் ஜூலை மாத இறுதியில் உள்ளூர் வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. டிபிஎஸ் வங்கியின் காலாண்டு ஈவு 33 காசிலிருந்து 18 காசாகக் குறைந்தது. ஓராண்டு கழித்து அந்த வரம்பு நீக்கப்பட்டபோது, அதன் பங்கு விலையோ வரம்பு அறிவிக்கப்பட்ட நாளில் இருந்ததைவிட மிக உயரத்தில் இருந்தது. கொடுக்கப்படாத பணம் வங்கியின் மூலதனமாகவே தங்கியது. அஞ்சிய அளவுக்கு வாராக்கடன் பெருகவில்லை. ஈவு குறைந்ததைக் கண்டு அந்த ஆண்டில் விற்றவர்கள் விலையில் இழந்தார்கள்.

உன் 9 விழுக்காட்டிற்கு வருகிறேன். அது சென்ற ஆண்டு கொடுத்த ஈவை இன்றைய விலையால் வகுத்துக் கிடைத்த எண். அடுத்த ஆண்டிற்கான வாக்குறுதி அதில் இல்லை. 1 வெள்ளி விலையில் 6 காசு கொடுத்த ரீட்டின் விலை 67 காசாகச் சரிந்தாலே, எதுவும் கூடுதலாகக் கொடுக்காமல் அது 9 விழுக்காடு ஆகிவிடும். விலை ஏன் சரிந்தது, குமரவேல்? வாடகைதாரர் வெளியேறுகிறாரா, கடனைப் புதுப்பிக்கும்போது வட்டி ஏறுகிறதா, கட்டடங்களின் மதிப்பு குறைகிறதா என்று நீ கேட்டாயா? வரிச்சலுகைக்காக ரீட்டுகள் வரிக்குரிய வருமானத்தில் 90 விழுக்காட்டையாவது பகிர்ந்தளித்துவிடுவதால், அவற்றின் கையில் மிச்சம் அதிகம் இருப்பதில்லை. பணம் தேவைப்படும்போது கடன் வாங்கும், அல்லது உரிமை வெளியீடு என்று, புதிய பங்குகளை வாங்கிக்கொள்ளச் சொல்லி, உன்னிடமே வந்து நிற்கும். அப்போது ஈவாக வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பாய். கொடுக்க மறுத்தால் உன் பங்கின் விகிதம் சுருங்கும்.

ஈவு வீண் என்று நான் வாதாடவில்லை. லாபக் கணக்கை அழகுபடுத்தலாம், ஆண்டுதோறும் ரொக்கமாகக் கொடுப்பதை நெடுநாள் நடிக்க முடியாது. தொடர்ந்து கொடுக்க முடியும் என்ற நம்பிக்கை இல்லாமல் நிர்வாகிகள் ஈவை உயர்த்துவதில்லை என்று 1956இல் பொருளியலாளர் ஜான் லின்ட்னர் கண்டதும் இதனால்தான். ஈவு உயர்ந்ததும் விலை ஏறுவது அந்த நம்பிக்கையைச் சந்தை படித்துக்கொள்வதால். மாதச் செலவுக்குப் பணம் கையில் வருவதில் உள்ள நிம்மதியும் எனக்குப் புரிகிறது. ஆனால் இது உன் முப்பது ஆண்டு உழைப்பு. சரிகிற பங்கிலிருந்து ஈவு எடுப்பது, அசலையே தவணை தவணையாக உண்பதாகும். கமலாவிடம் இதைச் சொல்லிவிட்டாயா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

அந்த ரீட்டின் கடைசி மூன்று ஆண்டறிக்கைகளை எடுத்து வை. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பங்குக்கு எவ்வளவு கொடுத்தது, சொத்தில் எத்தனை விழுக்காடு கடன், அது எப்போது முதிர்கிறது, இடையில் புதிய பங்குகள் எத்தனை வெளியிட்டது என்ற நான்கையும் குறித்துக்கொள். சனிக்கிழமை காலை தெம்பனிஸுக்கு வருகிறேன்; சேர்ந்து பார்ப்போம். அதுவரை தரகருக்குப் பணம் அனுப்பாதே.

உன்
இளங்கோ