குச்சியாக நின்றாலும் பிடுங்காதே

பெங்களூரு, பிப்ரவரி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் தோட்டத்து ஃபியூஷியா செடி குச்சியும் கம்பியுமாகத்தான் நிற்கிறது. ஆனாலும் செத்துவிட்டது என்று மாப்பிள்ளை சொல்கிறார் என்பதற்காக வேரோடு பிடுங்கிவிடாதே. போன வருஷம் பூத்ததை வைத்துச் சொல்கிறேன்: வெளியே சிவப்பு, உள்ளே ஊதா, ஜிமிக்கி மாதிரி தொங்குகிற சின்னப் பூ. அது மகெல்லானிகா வகையாகத்தான் இருக்கும். சிலி, அர்ஜென்டினாவின் தெற்குப் பக்கத்துச் செடி, குளிர் அதற்குப் புதிதில்லை. உங்கள் அயர்லாந்தின் மேற்குக் கரையில் தெருவோர வேலியாக மண்டிக்கிடப்பதும் இந்த இனம்தான்.

அடித்தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார். தோலுக்குக் கீழே பச்சை தெரிந்தால் கவலையே வேண்டாம். தெரியாவிட்டாலும் வேரில் உயிர் இருக்கலாம், அடியிலிருந்து துளிர்த்து வரலாம். இப்போதே கத்தரிக்கோலைத் தூக்காதே. அந்தக் காய்ந்த குச்சிகள்தான் உறைபனியிலிருந்து அடிப்பகுதியைக் காக்கின்றன. சருகை அள்ளி அடியில் மூடிவை. ஏப்ரல் வாக்கில் துளிர் கண்ணில் பட்டதும் தைரியமாக ஒட்ட வெட்டு. பூப்பது புதுக் கிளையில்தான், அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

உனக்கு வாய்த்த குளிர் எனக்கு இல்லை. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே, பெங்களூரில் நம் அல்சூர் 900 சொச்சம். ஊட்டியிலிருந்து வந்த என் தொட்டி ஃபியூஷியா இப்போது ஜம்மென்று இருக்கிறது, மார்ச் வந்தால் மத்தியானமெல்லாம் தலை தொங்கிவிடும். கீழ்வீட்டு மாமி அதைப் பார்த்ததும் பரிதாபப்பட்டு ஒரு சொம்பு தண்ணீரோடு வந்துவிடுவார். மண்ணில் விரலை விட்டால் ஈரம் இருக்கும்! வெயில் சூட்டில் வாடுகிற செடிக்கு மேலும் மேலும் ஊற்றினால் வேர் அழுகிச் செத்துப்போகும். சாயங்காலம் காற்று குளிர்ந்ததும் தானே நிமிர்ந்துகொள்ளும். காலை வெயில் மட்டும் படுகிற கிழக்கு பால்கனிக்கு நகர்த்திவிடுவேன். உனக்கும் இதேதான்: கோடையில் என்றாவது வாடினால் முதலில் விரல், அப்புறம் தண்ணீர்.

புதுக் கிளையில் நாலைந்து இலை விட்டதும் நுனியைக் கிள்ளு. பக்கக் கிளை அடித்துப் புதர் அடர்த்தியாகும். பூக்க ஒன்றரை, இரண்டு மாதம் தள்ளிப்போகும், பொறுத்துக்கொள். நுனிகள் வீங்கிக் கோணலாகச் சிவந்து வந்தால் அது கால் மைட் (gall mite) என்னும், கண்ணுக்கே தெரியாத நுண்ணிய பேனின் வேலை. வெட்டிக் குப்பையில் போடு, உரக்குழியில் போடாதே.

பூ உதிர்ந்தபின் வரும் கறுப்புப் பழத்தைக் குட்டி வாயில் போட்டுக்கொண்டால் பதறாதே, தின்னலாம். ருசி சுமார்தான்.

மே கடைசி வரைக்கும் ஒரு துளிர்கூட வரவில்லையா, சரி, மாப்பிள்ளை மண்வெட்டியை எடுக்கட்டும். நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

அம்மா