டெங்கு தடுப்பு: வீட்டு முகவரி மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சென்னைத் தெருக்களில் கொசுப்புகை அடிக்கும் படங்கள் நாளிதழ்களில் வரத் தொடங்கிவிடுகின்றன. ஒருவருக்கு டெங்கு உறுதியானால் அவருடைய வீட்டையும் அக்கம்பக்கத்தையும் சோதித்துப் புகை அடித்துவிட்டுச் செல்வதையே நாம் பெரும்பாலும் காண்கிறோம். அது தேவைதான் என்றாலும், நோய் ஒரு பேட்டையிலிருந்து மற்றொரு பேட்டைக்குச் செல்லும் வழியை அது தொடுவதில்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு, பிறந்த இடத்திலிருந்து ஓரிரு நூறு மீட்டருக்கு அப்பால் பறப்பது அரிது. வியாசர்பாடிக் கொசு வேளச்சேரிக்குப் போவதில்லை. வியாசர்பாடியில் கடிபட்டவர்தான் வேலைக்காக ரயிலேறி அங்கே போகிறார். காய்ச்சல் தொடங்குவதற்குச் சற்று முன்பே அவருடைய இரத்தத்தில் வைரஸ் வந்துவிடுவதால், தமக்கு நோய் இருப்பதை அறியாமலே அவர் அங்குள்ள கொசுவுக்கு அதைக் கொடுத்துவிடுகிறார். ஏறத்தாழ 8 முதல் 12 நாட்களில் அந்தக் கொசு பிறருக்கு நோயைப் பரப்பத் தொடங்குகிறது.

இது பகலில் கடிக்கும் கொசு. பகல் முழுவதும் பள்ளியிலோ பட்டறையிலோ கட்டுமான இடத்திலோ இருப்பவருக்கு நோய் எங்கே தொற்றியது என்பதை, அவர் இரவில் உறங்கும் முகவரியில் மட்டும் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கூவத்திலும் பக்கிங்காம் கால்வாயிலும் பெருகி நம் தூக்கத்தைக் கெடுக்கும் க்யூலெக்ஸ் கொசு டெங்குவைப் பரப்புவதில்லை. ஆயினும் டெங்கு என்றதும் சாக்கடையைத்தான் திட்டுகிறோம். தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும் ஃபிரிட்ஜின் பின்தட்டையும் மொட்டைமாடியில் கிடக்கும் பழைய டயரையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. குழாய்த் தண்ணீர் நாள்தோறும் வராத தெருவில் டிரம்மில் பிடித்து வைக்காதீர்கள் என்று சொல்வதிலும் நியாயமில்லை. ஏடிஸ் முட்டைகள் காய்ந்த டிரம்மின் உட்புறத்தில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதையாவது வீடு வீடாக வரும் பணியாளர்கள் வற்புறுத்திச் சொல்லலாம்.

மாநகராட்சிச் சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். காய்ச்சலுக்கு முந்தைய இரண்டு வாரங்களிலும், காய்ச்சல் வந்த பிறகும் நோயாளி பகலில் எங்கெங்கே இருந்தார் என்பதைக் கேட்டறிந்து, அந்தந்த இடத்துக்குரிய வார்டு அலுவலகத்துக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். நோயாளியின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. இடம் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை - 11.