அந்த வண்டி இதுவரை எதைச் சுமந்தது?

காவேரிப்பாக்கம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். இந்தக் காலத்தில் கடுதாசியா என்று நீ சிரிப்பாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் நாலு வார்த்தைக்குள் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் முழுதும் படித்துத்தானே ஆகவேண்டும்? உன் தங்கையிடம் கொடுத்து, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நீ வாங்கப் பார்க்கிற பழைய மாருதி ஆம்னி வேனின் போட்டோ ஆறையும் பார்த்தேன். பள்ளிக்கூடத்து முதல் நாள் பிள்ளை மாதிரி பளபளவென்று நிற்கிறது. ஆனால் ஆறு போட்டோவில் ஒன்றில்கூட வண்டியின் தரை தெரியவில்லை. அதுதான் உறுத்துகிறது.

பெங்களூரு வேலையை விட்டுவிட்டுச் சித்தப்பாவோடு ஏரியில் வலை போடப் போகிறேன் என்கிறாய். அதைப் பற்றி எனக்கு ஆயிரம் பேச்சு இருக்கிறது, நேரில் வா, பேசிக்கொள்ளலாம். இப்போது வண்டி விஷயம் மட்டும். நான் ஸ்டீயரிங்கைத் தொட்டவள் இல்லை. ஆனால் இருபத்தைந்து வருஷம் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலூர் மார்க்கெட்டுக்குப் போய் வந்தவள். ஓட்டுகிறவர்களுக்கு ரோடு தெரியும். பின்னால் உட்கார்ந்து வருகிறவளுக்குத்தான் வண்டியின் வயிறு தெரியும்.

2009-ல் அப்பா ஒரு ஆம்னி வாங்கினாரே, ஞாபகம் இருக்கிறதா? நீ சின்னப் பையன். ஒரே கை ஓட்டின வண்டி, டாக்டர் வீட்டு வண்டி என்றான் புரோக்கர். நம்பரைப் பார்த்தால் டிஎன் 31, கடலூர். ஏன், கடலூரில் டாக்டர் இல்லையா என்று அப்பா அவனுக்கு வக்காலத்து வாங்கினார். உள்ளே புது ரப்பர் மேட், அதற்கு அடியில் புதுக் கறுப்புப் பெயின்ட். பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. அதையும் மீறிக் கருவாட்டு வாசனை வந்தது எனக்கு. சொன்னேன். "மீன்கார அம்மாவுக்கு எங்கே போனாலும் மீன் வாசனைதான்" என்று புரோக்கர் சிரித்தான். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வாங்கின நாலாம் மாசம், ஒரு விடியற்காலை. பெட்டி நிறையக் கட்லாவும் ரோகுவும். ரத்தினகிரிப் பக்கம் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின்னால் படாரென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், ஐஸ் பெட்டியின் ஒரு மூலை தரையை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. பெட்டி சாய்ந்து, ஐஸ் தண்ணீர் ஓட்டை வழியே சூடான சைலென்சரில் கொட்டி, வண்டிக்குள் ஒரே ஆவி. தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்துவிட்டேன். அப்பா போட்ட சத்தத்தில்தான் குதிக்காமல் இருந்தேன். அன்றைக்கு மார்க்கெட் போச்சு. மீனை ஆட்டோவில் மாற்றி, மேல்விஷாரத்திலேயே வந்த விலைக்குத் தள்ளினோம்.

ராணிப்பேட்டையில் ஒரு டிங்கரிங் கடைக்காரர் மேட்டை உரித்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரால் தரையை அமுக்கினார். அப்பளம் மாதிரி உள்ளே போனது. "கடல் மீன் ஏத்தின வண்டிம்மா. உப்புத் தண்ணி தின்னிருக்குது" என்றார். தரையை மொத்தமாக அறுத்து வேறு தகடு வைத்து வெல்டிங் செய்ததில், அந்த வருஷம் உன் அத்தை வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுதக்கூடக் கையில் காசில்லை. எஞ்சின் மட்டும் தங்கம். கடைசி வரைக்கும் ஒரு நாள் மக்கர் செய்யவில்லை. என்ன பிரயோஜனம்? (அப்பா இதைப் படித்தால் கோபப்படுவார். அவரிடம் காட்டாதே.)

அதனால்தான் சொல்கிறேன். எல்லாரும் முதலில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்கிறார்கள். மீட்டரைத் திருப்பி வைக்க முடியும் என்பது ஊருக்கே தெரியும், ஆனாலும் அதைத்தான் கேட்கிறார்கள். நீ கேட்கவேண்டியது, இந்த வண்டி இதுவரை எதை ஏற்றியது என்று.

உப்புக்குக் கடல்தான் வேண்டும் என்றில்லை, கண்ணு. நம் பக்கத்திலேயே பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் ஏற்றும் வண்டிகள் எத்தனை! பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் அடுக்குவார்கள். அந்த உப்பு நீர் தரையில் இறங்கி, மூலைக்கு மூலை தேங்கி, கடல் மீன் வண்டியைவிட மோசமாகத் தின்னும். ஆனால் ஆம்பூரில் ஷூ அட்டைப் பெட்டி ஏற்றின வண்டி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போய்ப் பார். குடியாத்தத்தில் லுங்கி, தீப்பெட்டி ஏற்றினவையும் அப்படியே. நனைந்தால் சரக்கே போச்சு என்பதால், அவர்கள் தரையையும் தார்ப்பாயையும் ஒழுங்காக வைத்திருப்பார்கள். நம்முடைய இரண்டாவது வண்டி, அந்தக் குட்டி யானை (டாடா ஏஸ்), ஷூ பெட்டி வண்டிதான். ஒன்பது வருஷம் உழைத்தது.

விற்கிறவன் உண்மை சொல்லமாட்டான், அது வேறு விஷயம். வண்டி சொல்லும். மேட்டைத் தூக்கிப் பார். தூக்கவிடமாட்டேன், ஒட்டியிருக்கிறது என்றால் திரும்பி வந்துவிடு. ஆம்னியில் இழுக்கிற கதவின் கீழ்த் தண்டவாளம், பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, பேட்டரி உட்காரும் இடம் மூன்றும்தான் முதலில் அரிக்கும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்குமே அந்தக் காந்தம், ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போ. தகரத்தில் ஒட்டும். பட்டி அடித்து மேலே பெயின்ட் பூசின இடத்தில் வழுக்கி விழும். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து, நீளவாக்கில் போகிற சேஸைப் பார். மேல் துரு எல்லா வண்டியிலும் இருக்கும், அதற்குப் பயப்படவேண்டாம். ஏடு ஏடாக உரிகிறதா, தட்டினால் டங் என்காமல் சொத் என்கிறதா, அதுதான் கேள்வி. அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட் என்றால், ரத்தினகிரியை நினைத்துக்கொள்.

நீ பார்க்கிறது சென்னையில் ஓடின வண்டி என்பதால் இன்னொன்று. அங்கே 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எத்தனை வண்டி தண்ணீரில் மூழ்கியது என்று டிவியில் பார்த்தோமே. அந்த வண்டிகள் எல்லாம் எங்கே போயின என்று நினைக்கிறாய்? கழுவித் துடைத்து எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார், உள்ளே சுருண்டிருக்கும் பாகத்தில் சேற்றுக் கோடு மறையாது. ஹெட்லைட் கண்ணாடிக்குள் மண் படிந்திருக்கிறதா, சீட்டை இறுக்கிய போல்ட் துருப்பிடித்திருக்கிறதா, ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார். மூழ்கின வண்டி ஓடும். ஆனால் ஒயரிங் ஒவ்வொன்றாகப் போகும், எல்லாம் ராத்திரி நேரத்தில், ஆள் இல்லாத ஏரிக்கரையில்.

சரி, ஆம்னியே வேண்டுமா என்று யோசித்தாயா? உன் சிநேகிதன் மாதிரி ஞாயிற்றுக்கிழமை தூண்டிலும் கூடையும் எடுத்துக்கொண்டு மோர்தானா அணைப் பக்கம் போகிறவனுக்கு ஆம்னி போதும். பூட்டிவிட்டுப் போகலாம், மழைக்கு நனையாது, தரை தாழ்வு என்பதால் ஏற்றி இறக்கவும் சுலபம். மாருதியின் ஈக்கோ வேன் கிடைத்தால் அதைவிட நல்லது, எஞ்சினில் தெம்பு அதிகம். ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டதால், நீ பார்க்கிற எந்த ஆம்னியும் இளசு இல்லை.

ஆனால் நீ வலைக்காரன் ஆகப் போகிறாய். கணக்குப் போட்டுப் பார். வெயில் காலத்தில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். 150 கிலோ மீன் என்றால் 150 கிலோ ஐஸ், அதுவே 300. பெட்டிகள், நனைந்த வலை (காய்ந்த வலையை எடை போட்டு ஏமாறாதே), சித்தப்பா, நீ. அப்புறம் பரிசல். பரிசல் ஆம்னிக்குள் எந்த வழியில் நுழையும் என்று எனக்குச் சொல். மேலே கட்டினால் காற்றில் குடை மாதிரி தூக்கும். குட்டி யானையின் தட்டு 7 அடிக்குச் சற்று அதிக நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். பரிசலைச் சாய்த்து வைத்துக் கட்டலாம். 2005-ல் வந்த வண்டி, கைவைக்கத் தெரியாத மெக்கானிக் நம் ரோட்டில் கிடையாது. அசோக் லேலண்டின் தோஸ்த் தட்டு வண்டி இன்னும் பெரிது, பாரமும் கூடுதலாகத் தாங்கும், ஆனால் நீ சொன்ன தொகைக்குள் நல்லது கிடைப்பது கஷ்டம். தட்டு வண்டியில் எனக்குள்ள ஒரே குறை அதன் உயரம். என் இடுப்பு அதற்குச் சம்மதிப்பதில்லை. இனிமேல் ஏற்றப்போவது நீதானே!

இன்னொரு நல்லது, தட்டு திறந்து கிடப்பதால் நனைந்தது காயும். மூடின வண்டிக்குள் ஈர வலை இரண்டு நாள் கிடந்தால் நாறும், தரையும் ஈரத்திலேயே ஊறும்.

எஞ்சினைப் பற்றி வாலாஜா மெக்கானிக் மாமாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காலையில் போ, வண்டியை முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணி வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போ. ஆறிக்கிடக்கிற எஞ்சின்தான் பொய் சொல்லாது. நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் தின்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ஆயில் மூடிக்கு உள்பக்கம் மோர் மாதிரி படிந்திருந்தால், தண்ணீர் ஆயிலில் கலக்கிறது, தொடாதே. டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஏன் என்று கேள். ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டிருந்தால் அதிக பாரம் அடித்த வண்டி. ஆம்னியில் கேஸ் கிட் இருந்தால் ஆர்.சி.யில் ஏறியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கக் காட்பாடி மேம்பாலத்துக்குக் கொண்டு போகச் சொன்னார். நெரிசலில் பாதி ஏற்றத்தில் நிற்க வைத்து மறுபடி எடுத்தால், கிளட்ச்சின் யோக்கியதை தெரியுமாம். அது அவர் கணக்கு. என் கணக்கு, ஹேண்ட் பிரேக். ஏரிக்கரைச் சரிவில் பின்பக்கம் தண்ணீரைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவாய், வலையை இறக்க அதுதான் வசதி. வண்டி நகர்ந்தால் நேரே ஏரிதான். ஆளை உள்ளே உட்கார வைத்து, சரிவில் நிறுத்தி, எண்ணி ஐந்து நிமிஷம் பார்.

பேப்பர் விஷயம் உனக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.சி. நம்பரையும் சேஸில் அடித்திருக்கும் நம்பரையும் நீயே ஒத்துப் பார். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்தது என்கிற ஃபாரம் 35 கையெழுத்தாகி வராமல் ஒரு ரூபாயும் கொடுக்காதே. மஞ்சள் போர்டு, அதாவது வாடகை வண்டி என்றால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எப்போது முடிகிறது என்று பார், 8 வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எடுக்கவேண்டும். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு ஆம்னியில் உன் தூண்டிலை ஏற்றுகிறவரை சரி. மீனை விற்கக் கொண்டுபோகும் அன்று ஏதாவது ஆனால், பணம் தராமலிருக்க இன்சூரன்ஸ்காரருக்கு அதுவே ஒரு சாக்கு. பெயர் மாற்றின 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உன் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடு. அப்பா அதை மறந்ததால் பட்டது தனிக் கதை, அது வேண்டாம் இப்போது.

வாங்கின பிறகு முதல் வேலை, லோடு ஏற்றுவதற்கு முன்னால், தட்டில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் அடைத்திருக்கிறதா என்று குத்திப் பார்ப்பது. பெட்டிக்கு அடியில் இரண்டு மரச்சட்டம் போடு, தரைக்கும் பெட்டிக்கும் நடுவில் காற்றுப் போகட்டும். ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்பினாலும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் படு. மீன் செதில் ஒட்டிக் காய்ந்தால் அதன் கீழே ஈரம் நிற்கும்.

சித்தப்பா, ஏரி நிரம்பிக் கோடி போவதற்குள் வண்டி வந்தாகவேண்டும் என்று அவசரப்படுகிறார். பாலாற்றில் தண்ணீர் வந்து அணைக்கட்டுக் கால்வாயில் இன்னும் இறங்கவே இல்லை, அதற்குள் இவருக்கு அவசரம். அவர் பேச்சைக் கேட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

சனிக்கிழமை அந்த ஆம்னியைப் பார்க்கப் போவதானால் போ. போட்டோ எடுத்தால் அடியில் படுத்து எடு. முன்பக்கம் எனக்கு வேண்டாம், பார்த்தாயிற்று. பழைய சட்டை போட்டுக்கொண்டு போ. அப்பாவின் டூல்ஸ் பெட்டியிலிருந்து நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தங்கையிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி வாலாஜாவில் இறங்கினால் அவள் கொண்டுவந்து தருவாள்.

அன்புடன்,
அம்மா