அக்கரையில் ஒரு நேரம்

ஆரையம்பதி
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பழைய மணிக்கூட்டின் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டும் பார்த்தேன், கழற்றிவிட்டும் பார்த்தேன். மறுகா பக்கத்து வீட்டுப் பொடியனின் பெரிய போனில் விரித்தும் பார்த்தேன். சுவிஸின் பீல் நகரச் சந்தையில் பழைய கரண்டிகளுக்கும் பீங்கான் கோப்பைகளுக்கும் நடுவில் கிடந்தது, 40 பிராங் கொடுத்தேன் என்று எழுதியிருந்தாய். அம்மா அதை உடனே நம்முடைய காசுக்கு மாற்றிக் கணக்குப் பார்த்துவிட்டு, "தகப்பனுக்குப் பிடிச்ச பைத்தியம் கடல் தாண்டியும் போயிட்டுது" என்றாள். எனக்கென்றால் சந்தோஷம்தான்.

வட்ஸ்அப்பில் குரலாகவே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா பக்கத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு வசனத்துக்கும் பதில் வசனம் போடுவாள். மருமகன் இந்தக் கிழமை திரும்பி வருகிறார், அவர் கையில் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். இன்னொன்றும் கொடுத்துவிடுகிறேன். அதைப் பற்றிப் பிறகு.

முதலில் உன்னுடைய மணிக்கூடு. டயல் பழசாகவே இருக்கிறது, நல்ல காரியம். எழுத்தெல்லாம் மெல்லிசாக, ஒரே அளவில் இருக்கிறது. நிமிடக் கோடுகள் எங்கும் கோணவில்லை. கீழே 6க்கு அடியில் உள்ள சுவிஸ் என்ற எழுத்தும் வெட்டுப்படாமல் தெரிகிறது. நான் ஒரு தடவை இன்டர்நெட்டில் படத்தைப் பார்த்து மயங்கி ஒன்று வாங்கினேன் அல்லவா, மயில்கழுத்து நீலத்தில்? மணிக்கூட்டுக்கு 50 வயது, டயலுக்கு 6 மாதம். யாரோ சுரண்டிவிட்டுப் புதிதாக நிறம் பூசியிருந்தார்கள். சின்ன நொடி வட்டம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அம்மாவிடம் விலையைப் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். இந்தக் கடிதத்தை அவள் வாசிக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனமாக இரு. உன் டயலில் இலக்கங்கள் தேன் நிறத்தில் பழுத்திருக்கின்றன. இருட்டில் ஒளிர்வதற்காக அந்தக் காலத்தில் ரேடியம் கலந்து பூசுவார்கள். இப்போது ஒளிராது என்பதால் ரேடியம் போய்விட்டது என்று எண்ணாதே. அதன் அரை ஆயுள் 1600 வருடம். கலந்திருந்த ஒளிரும் பொருள்தான் களைத்துப் போயிருக்கும். 1960களில் ரேடியத்தை விட்டுவிட்டு ட்ரிடியத்துக்கு மாறினார்கள். அதற்கு அடையாளமாகச் சுவிஸ் என்ற எழுத்துக்கு இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு டி போடுவார்கள். உன் படத்தில் அந்த டி எனக்குத் தெரியவில்லை. லென்சு வைத்துப் பார். டி இல்லையென்றால் ரேடியம்தான் என்று வைத்துக்கொள். கட்டலாம், ஆனால் தலைமாட்டில் வைத்துத் தூங்காதே. மூடியை நீ திறக்காதே, பேரன் கையில் கொடுக்காதே. கண்ணாடி உடைந்து அந்தத் தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து. 35 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் சொல்கிறேன், கேள்.

காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடு. இறுகும் இடம் வரைக்கும் கொடுக்கலாம். சாவி கூடிப் பழுதாகிவிட்டது என்று சொல்வார்கள். அது பெரும்பாலும் எண்ணெய் காய்ந்து நின்றுபோன மணிக்கூட்டுக்குச் சொல்லும் சாட்டு. பழைய சாவி மணிக்கூடுகள் பலதும் நொடிக்கு 5 தரம் தட்டும், மணித்தியாலத்துக்கு 18,000. என் சீக்கோ 6 தரம், 21,600. இரண்டையும் இரண்டு காதில் வைத்துப் பார். ஒன்று நடக்கும், மற்றது கொஞ்சம் எட்டி நடக்கும்.

இனி அந்தச் சீக்கோ. "அப்பா, அதைத் தாங்கோ, இங்கே நல்ல ஒருவர் இருக்கிறார், புதுசு போல ஆக்கித் தருவார்" என்று மூன்று தரம் எழுதிவிட்டாய். தருகிறேன். மருமகனின் கையில் கட்டிவிடுகிறேன். ஆனால் புதுசு போல வேண்டாம், மகள். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

உன் மாமா சவூதியிலிருந்து முதல் தடவை வந்தபோது கொண்டுவந்தது அது. பின்மூடியில் உள்ள தொடர் இலக்கத்தின் முதல் எண் வருடம், இரண்டாவது எண் மாதம். இதில் 5, 2 என்று இருக்கிறது. அதாவது 1985 மாசி. 17 கல் வைத்த, கை அசைவில் தானாகச் சாவி ஏறும் 7009 என்ற மெஷின். அரபு நாட்டுக்குச் செய்தது என்பதால் கிழமை அரபியிலும் வரும். காத்தான்குடி ஆசிரியர் ஒருவர் என்னோடு வேலை செய்தார், அவர்தான் எனக்கு ஒவ்வொரு நாளும் வாசித்துக் காட்டினார். அஹத், இஸ்னைன், தலாதா. அதை இங்கிலீசுக்கு மாற்ற எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கும் வெள்ளிக்கிழமையை அதில் ஜும்ஆ என்றுதான் பார்க்கிறேன்.

1996 உனக்கு ஞாபகம் இருக்காது, 8 வயது. அந்த வருடம் மழை பொய்த்து, நீர் மின்சாரம் குறைந்து, கரன்ட் நாளுக்குப் பல மணித்தியாலம் நின்றது. வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று அரசாங்கம் மே மாதத்தில் நாட்டின் நேரத்தையே ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது. மிச்சம் அரை மணித்தியாலம் 10 வருடம் அப்படியே கிடந்தது. ஆனால் புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் அதை ஏற்கவில்லை, பழைய நேரம்தான். எழுவான்கரையில் ஒரு நேரம், மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இன்னொரு நேரம். நடுவில் தண்ணீர்.

நான் வேலை செய்தது அக்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். மண்முனைத் துறையில் இறங்கித் தோணி ஏறவேண்டும். பாலம் 2014இல்தான் வந்தது. வீட்டிலிருந்து 6.45க்குப் புறப்படுவேன், அக்கரையில் 6.45க்கு இறங்குவேன். இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். பின்னேரம் அந்த அரை மணித்தியாலத்தை வட்டியில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவேன். அம்மா யாராவது நேரம் சொன்னால் "பழசா புதுசா?" என்று கேட்காமல் அடுப்பில் உலை வைக்கமாட்டாள். பிபிசி வானொலியின் தமிழோசை கூட நம் வீட்டில் 9.45க்குத்தான் கேட்டது, அங்கே 9.15. லண்டன்காரன் மாறவில்லை, நாங்கள்தான்.

ஆரம்பத்தில் நான் மணிக்கூட்டை மாற்றாமல் பழைய நேரத்திலேயே விட்டிருந்தேன். மனதில் கூட்டிக்கொண்டால் போதும் என்ற எண்ணம். ஒருநாள் பின்னேரம் திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் நின்ற பொடியன் ஒருவன் அடையாள அட்டையைத் திருப்பித் தரும்போது என் கையைப் பார்த்தான். மறுகா தன் கையைப் பார்த்தான். "மொகத மே வெலாவ?" என்றான் சிங்களத்தில், இது என்ன நேரம் என்று. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அரை மணித்தியாலம் பிந்திய மணிக்கூடு எந்தக் கரைக்குச் சொந்தம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பரணய் மாத்தயா" என்றேன், பழசு, பிந்தி ஓடுது என்று. அவன் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினான். கழற்றிக் கொடுத்தேன். போய்விட்டது என்று நினைத்தேன். அவன் நகத்தால் பக்கத்துத் திருகை, அந்தத் தலைப்பை இழுத்து, தன்னுடையதைப் பார்த்துப் பார்த்து முள்ளைத் திருப்பி, அமுக்கி, துடைத்துத் திருப்பித் தந்தான். 20 வயது இருக்கும். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயது.

அடுத்த நாளிலிருந்து நான் தோணியிலேயே மாற்றத் தொடங்கினேன். நடு வாவியில், துடுப்புப் பிடிப்பவன் மூச்சு விடும் இடம் வரும்போது, பெருவிரல் நகத்தைக் கொடுத்து இழுத்து அரை மணித்தியாலம் பின்னுக்கு. வரும்போது அதே இடத்தில் முன்னுக்கு. ஆண்டுக்கு ஏறக்குறைய 200 பள்ளிக்கூட நாள், போகவும் வரவும். நீ கணக்குப் பார். அந்தத் தலைப்பின் பல்லெல்லாம் தேய்ந்து கூழாங்கல்லாகிவிட்டது. 4 மணிப் பக்கத்தில் அரைவாசி உள்ளே புதைந்து இருப்பதால் நகம் பட்டுப் பட்டு அந்த இடத்தில் கேஸிலும் ஒரு சின்னப் பள்ளம். மணிக்கூடு திருத்துகிற உன்னுடைய ஆள் முதலில் அந்தத் தலைப்பைத்தான் மாற்றுவேன் என்று நிற்பார்.

2006 ஏப்ரல் 15ஆம் திகதி நாடு மிச்ச அரை மணித்தியாலத்தையும் விட்டுப் பழைய நேரத்துக்கே திரும்பியது. விடுமுறை முடிந்து அக்கரைக்குப் போன முதல் நாள், நடு வாவியில் கை தன்பாட்டுக்குப் போய்த் தலைப்பைத் தேடியது. தோணிக்காரன் பார்த்துச் சிரித்தான்.

டயலில் 8க்குப் பக்கத்தில் ஒரு பழுப்புக் கறை இருக்கும். அது 2004 மார்கழி 26ஆம் திகதி, சுனாமி வந்த நாள். அன்றைக்கு அது என் கையில்தான் இருந்தது. மற்றதெல்லாம் உனக்குத் தெரியும், நான் எழுதவில்லை. முகாமில் இரண்டாம் நாள் பார்த்தபோது கண்ணாடிக்குள் ஆவி பிடித்து, முள் நின்றிருந்தது. உப்புத் தண்ணீர் இரும்பை விடாது. ஒரு ஜேம் போத்தலில் நல்ல தண்ணீரில் அலசி, யாரோ விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைக் கெஞ்சி வாங்கி, மூடியைக் கழற்றி அப்படியே அதற்குள் போட்டுவைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பட்டினத்தில் திருத்துகிறவர் மூன்று கிழமை கழித்துப் போத்தலோடு வாங்கினார். இரண்டு சக்கரமும் ஸ்பிரிங்கும் மாற்றி ஓடவிட்டார். காசு வாங்கவில்லை. அவருடைய கடையும் வெறுங்கூடாகத்தான் இருந்தது.

சரி, இப்போது உன் ஆளுக்குச் சொல்லவேண்டியது.

கழுவி எண்ணெய் போடட்டும். ரப்பர் வளையங்களை மாற்றட்டும், இந்த ஈரக் காற்றில் அவை பிசின் போல ஆகியிருக்கும். "மெஷினையே மாற்றித் தருகிறேன், அதுதான் மலிவு" என்று சொல்வார். உண்மைதான், மலிவுதான். வேண்டாம் என்று சொல். கேஸை மினுக்கவேண்டாம். டயலைத் தொடவே வேண்டாம். தலைப்பு இழுக்க முடியாத நிலையில் இருந்தால் மாற்றட்டும், நான் பிடிவாதக்காரன் இல்லை. ஆனால் பழையதை ஒரு சின்னக் கவரில் போட்டு எனக்கு அனுப்பு.

இன்னொன்று, காந்தம் ஏறாமல் பார்த்துக்கொள். முந்தி ஒரு வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு ஒலிபெருக்கி கட்டும் பொடியன்களுக்கு உதவி செய்யப்போய், மணிக்கூட்டைக் கழற்றிப் பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்துவிட்டேன். சடங்கின் கடைசியான குளிர்த்தி முடிந்த அடுத்த நாள் அது ஒரு மணித்தியாலத்துக்குள் 10 நிமிடம் முந்தி ஓடியது. மெல்லிய மயிர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அப்படித்தான் ஆகும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தின் திசையறி கருவியைக் கிட்டக் கொண்டுபோனேன், ஊசி துள்ளியது. அங்கே யாரோ ஒளித்துவைத்த பழைய கம்பிச் சுருளில் கரன்ட் விட்டு அந்தக் காந்தத்தை எடுத்தேன். நீ போனோடு சேர்த்து ஒரே பைக்குள் போடாதே.

சூடு குளிருக்கு அது பயப்படாது. இங்கே வைகாசி வெயிலில் ஓடியது அங்கே பனியிலும் ஓடும். அதற்குக் காரணமானவர் உன் பக்கத்து ஆள்தான். ஃப்ளூரியே என்ற ஊரில் பிறந்த சார்ல்ஸ் எடுவார்ட் கியோம். வெப்பத்துக்கு அசையாத நிக்கல் உருக்குக் கலவைகளைக் கண்டுபிடித்து 1920இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர். மணிக்கூட்டின் மயிர் ஸ்பிரிங்குக்கு அந்த உலோகம்தான் வழிகாட்டி. நோபல் பரிசு வாங்கியவரின் வேலையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டுதான் நான் தோணி ஏறினேன் என்று பிள்ளைகளிடம் பெருமையடிப்பேன். ஒருநாள் பேரனைக் கூட்டிக்கொண்டு லா ஷோ-த-ஃபோன் மணிக்கூட்டு அருங்காட்சியகத்துக்குப் போய்வா. ரயிலில் கிட்டத்தானே. எனக்காகவும் ஒரு சுற்று சுற்று.

என்னிடம் மிச்சமுள்ள 10 மணிக்கூடும் பிஸ்கட் டின்னுக்குள் பத்திரம். சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை ஊர்முழுக்கச் சேர்த்து அதற்குள் போட்டிருக்கிறேன், மாரி வரப்போகிறது. இப்போது அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்குச் சென்னை போனபோது வாங்கிய எச்எம்டி என்ற இந்திய மணிக்கூட்டைக் கட்டுகிறேன். அதற்குச் சாவி கொடுக்க மறந்து இரண்டு நாள் காலையில் பஸ்ஸை விட்டேன்.

சீக்கோவை மருமகன் கையிலேயே கட்டிக்கொண்டு வரட்டும், பெட்டிக்குள் வைத்தால் ஒன்றரை நாளில் நின்றுவிடும். ஒரு நாளைக்கு 10 நொடி முந்தும். இரவில் தலைப்பு மேலே பார்க்க நிமிர்த்தி வைத்தால் விடியும்போது கொஞ்சம் திருந்தியிருக்கும். நேரத்தை நான் மாற்றவில்லை, இங்கத்தைய நேரத்தில்தான் வருகிறது. அங்கத்தைய கோடை நேரம் முடியும் வரைக்கும் உனக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னுக்கு. இரவு 9க்கும் 3க்கும் இடையில் திகதியைத் தொடாதே. நீயே உன் கையால் திருப்பு. பெருவிரல் நகத்தைக் கொடுத்து இழு, பள்ளம் இருக்கிற இடத்தில். இழுத்தாலும் நொடிமுள் நிற்காது, அந்த மெஷின் அப்படித்தான். பழுது என்று நினைத்துவிடாதே.

அப்பா