குடுவைத் தாவரத்தைக் கண்காட்சி மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பள்ளிகளின் தேசியப் பசுமைப் படைப் பொறுப்பாசிரியர்களுக்கு,

வணக்கம்.

அறிவியல் கண்காட்சி நெருங்கும்போது நெப்பந்தஸ் என்னும் குடுவைத் தாவரத்தை இணையத்தில் விலைக்கு வாங்கி, ‘பூச்சி தின்னும் அதிசயம்’ என்று எழுதி வைக்கும் வழக்கம் நம் பகுதியில் பரவி வருகிறது. அதைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

இந்தியாவில் இயற்கையாக வளரும் நெப்பந்தஸ் இனம் ஒன்றுதான். மேகாலயாவின் காரோ, காசி, ஜெயந்தியா மலைகளைத் தாயகமாகக் கொண்ட நெப்பந்தஸ் காசியானா அது. ஓயாத மழையில் சத்துகள் கரைந்தோடிவிட்ட மண்ணில் கிடைக்காத நைட்ரஜனைப் பூச்சிகளிடமிருந்து பெறுவதற்காகவே, அதன் இலை நுனியிலிருந்து நீளும் பற்றுக்கம்பியின் முனை குடுவையாகத் திரள்கிறது. மூடி திடீரென மூடிக்கொள்ளும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். திறந்தபின் அது அசைவதே இல்லை. தேனுக்காக வரும் எறும்பு ஈரமான விளிம்பில் வழுக்கி விழுகிறது, உட்சுவரின் மெழுகுப் பூச்சில் கால் பற்றாமல் நீரில் மூழ்கிச் செரிக்கப்படுகிறது.

தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையான இலங்கையிலும் ஓர் இனம் உண்டு. அதுகூட, நம் கரையைப் போலவே வறண்ட மன்னார்ப் பகுதியை விட்டு, தென்மேற்கின் ஈரவலயக் காடுகளில்தான் வளர்கிறது. அப்படியிருக்க, நம் ஆழ்துளைக் கிணற்று உவர்நீரில் அது எப்படிப் பிழைக்கும்? ஒரு பள்ளியில் நான் பார்த்த தொட்டியில் தேங்காய் நார்மீது உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பட்டாணி அளவுகூட வளராத குடுவை மொட்டுகள் கருகியிருந்தன. மாணவர்கள் அன்போடு கருவாட்டுத் துண்டு வேறு போட்டிருந்தார்கள்.

செடி பட்டுப்போவதைவிடப் பெரிய கவலை, அது எங்கிருந்து வருகிறது என்பது. சுரங்கத்தாலும் காடழிப்பாலும் சுருங்கிவரும் காசியானாவைக் காட்டிலிருந்து பிடுங்கி விற்பதும் அதன் அழிவுக்கு ஒரு காரணம். பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் அது இருக்கிறது. கடல் அட்டை பிடிப்பது குற்றம் என்று நம் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்; அதைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே இச்செடியையும் காக்கிறது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

திசு வளர்ப்பில் உருவாக்கிய கலப்பின நெப்பந்தஸ்கள் நாற்றுப்பண்ணைகளில் கிடைக்கின்றன என்பது உண்மைதான். வாங்கியே தீர வேண்டுமானால், இனப்பெயரும் வளர்த்த இடமும் குறிப்பிட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள், மழைநீரை மட்டும் ஊற்றுங்கள், உரம் போடாதீர்கள். ரசீது தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
இராமநாதபுரம்.